சிக்-ஃபில்-ஏ வரிசையில் நின்றவர்கள் எதற்காக நின்றார்கள்? 2012 கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுக்குடித்தனம் | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஜார்ஜியாவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறோம். பையன் இரண்டாம் வகுப்பு. அவன் பள்ளியில் அடுத்த வாரம் ஸ்பிரிட் நைட் வைத்திருக்கிறார்கள். அன்று மாலை பக்கத்து சிக்-ஃபில்-ஏ கோழி சாண்ட்விச் கடையில் போய்ச் சாப்பிட்டால் விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்கு வருமாம். நானும் உற்சாகமாக வாட்ஸ்அப் குழுவில் "நாங்கள் வருகிறோம்" என்று போட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் என் பையனின் உயிர்த்தோழனுடைய அம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி. "நாங்கள் அந்தக் கடைக்குப் போவதில்லை, தப்பாக நினைக்காதீர்கள். பணத்தை நேராகப் பள்ளிக்கே கொடுத்துவிடுவோம்." அந்தப் பையனுக்கு இரண்டு அம்மாக்கள். எனக்குச் சட்டென்று என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை, ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரைக் கேட்டால் "2012-இல் ஏதோ பெரிய சண்டை, ஜனம் தெருவைச் சுற்றி வரிசையில் நின்றது" என்கிறார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. கோழி சாண்ட்விச்சில் அப்படி என்ன சண்டை? யாராவது முதலிலிருந்து சொல்லுங்களேன்.

---

பீச்ட்ரீ வாசி | செவ்வாய், இரவு 10:25

இந்த ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் அன்றைக்கு வரிசையில் நின்றவன் என்பதால் சொல்கிறேன். தெரியாமல் போய் நின்றவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடை அட்லாண்டாக் கடைதான். ட்ரூயட் கேத்தி 1946-இல் ஹேப்வில்லில், இன்றைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டுவார்ஃப் கிரில் என்று ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார். 1967-இல் கிரீன்பிரையர் மாலில் சிக்-ஃபில்-ஏ என்ற பெயரில் முதல் கடை. மனிதர் தீவிர பாப்டிஸ்ட். பல பத்தாண்டுகள் ஞாயிறு பள்ளியில் பையன்களுக்குப் பாடம் எடுத்தவர். ஆரம்பத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, இன்றைக்கும் அப்படித்தான். ஆகவே முதலாளியின் மதம் என்ன என்பது யாருக்கும் ரகசியமாக இருந்ததில்லை.

2012 ஜூலையில் அவர் மகன் டான் கேத்தி, அப்போது கம்பெனியின் தலைவர், ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். பைபிள் சொல்லும் குடும்ப முறையை நீங்கள் ஆதரிக்கிறீர்களாமே என்று கேட்டதற்கு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று பாதிச் சிரிப்பாகச் சொன்னார். அது பரவியதும் தீப்பற்றிக்கொண்டது. புறக்கணிப்பு அழைப்புகள், கடை வாசலில் பதாகைகள். குழந்தைகள் பையில் பொம்மை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஜிம் ஹென்சன் கம்பெனி உறவை முறித்துக்கொண்டு, வந்த பணத்தைத் தன்பால் ஈர்ப்பாளர் உரிமை அமைப்பான கிளாடுக்குக் கொடுத்துவிட்டது. பிறகு பாஸ்டன் மேயர், சிகாகோ கவுன்சிலர் என்று அரசியல்வாதிகள் உள்ளே வந்தார்கள்.

இதற்குப் பதிலாக அர்க்கன்சாஸின் முன்னாள் கவர்னர் மைக் ஹக்கபி, அவர் பாப்டிஸ்ட் போதகராகவும் இருந்தவர், "ஆகஸ்ட் 1 அன்று எல்லாரும் போய் அங்கே சாப்பிடுங்கள், அது போதும்" என்று அழைப்பு விடுத்தார். ஃபேஸ்புக்கில் மட்டும் 6 லட்சம் பேருக்கு மேல் வருவதாகச் சொன்னார்கள்.

அன்று புதன்கிழமை. எனக்கு இது ஒன்றும் தெரியாது, ஆபீஸில் ரிலீஸ் வேலை. மத்தியானம் சாப்பிடப் போனால் சாலையில் போலீஸ் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறது. விபத்து என்றே நினைத்தேன். உள்ளே போனால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம். பசி, திரும்பிப் போகவும் மனமில்லை, நின்றுவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர், சர்ச் டீ-ஷர்ட். கல்யாணம் என்றால் என்ன என்று கடவுள் சொல்லியாகிவிட்டது, அதைச் சொன்னதற்காக ஒருவரை அடிக்கிறார்கள், அதனால் வந்தேன் என்றார். பின்னால் நின்றவர் ஏதோ குழாய் வேலை செய்பவர், கையில் கிரீஸ். அவருக்குக் கல்யாணத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. "எவன் எங்கே கடை போடலாம் என்று சொல்ல மேயர் யார்?" என்பதுதான் அவர் கோபம். நடுவில் நான், பசிக்காக. மூன்று பேரும் ஒரே சாண்ட்விச்தான் வாங்கினோம். மறுநாள் செய்தியில் மூன்று பேரும் ஒரே கணக்கில்தான் விழுந்தோம்.

---

உப்புக்கல் | செவ்வாய், இரவு 10:41

நான் சைவம். எனக்கு அந்தக் கடையில் லெமனேடும் உருளைக்கிழங்கும்தான். ஆகவே இந்தச் சண்டையில் எனக்குக் கட்சி இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். புறக்கணிப்பதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. எதிர்ப்பவர்களுக்கு எதிராகப் போய் வேண்டுமென்றே வாங்குவதற்கு என்ன சொல்?

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10:58

சொல் தேடவே வேண்டாம், பேராவூரணிப் பக்கம் வாருங்கள். மொய் விருந்து. போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி மொய் எழுதிவிட்டு வருவது. சாப்பாடு ருசியா என்று யாரும் பார்ப்பதில்லை, விருந்து வைத்தவனைத் தூக்கிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

---

வக்கீல் குமாஸ்தா | புதன், காலை 7:15

பீச்ட்ரீ அண்ணன் சொன்னதில் இரண்டு இடத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், சண்டை முழுக்க அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது.

ஒன்று, அந்தப் பத்திரிகைப் பேட்டியில் அவர் ஒருபால் திருமணத்தைப் பெயர் சொல்லித் திட்டவில்லை. குடும்பம், பைபிள், நாங்கள் எல்லாரும் முதல் மனைவியோடுதான் வாழ்கிறோம், இப்படித்தான் போகிறது. காரமான பேச்சு அதற்கு முந்தைய மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் பேசியது. கல்யாணம் என்றால் என்ன என்று கடவுளைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று முஷ்டியை ஆட்டினால் நாட்டின் மேல் கடவுளின் தண்டனையை வரவழைக்கிறோம் என்கிற மாதிரி. இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது.

இரண்டு, மேயர்கள். பாஸ்டனில் மெனினோ, அந்தக் கம்பெனிக்கு இந்த ஊரில் இடமில்லை என்று கடிதமே எழுதினார். சிகாகோவில் ஜோ மொரேனோ என்ற கவுன்சிலர் தன் வார்டில் கடை வரவிடாமல் தடுப்பேன் என்றார், மேயர் ரஹ்ம் இமானுவேல் இவர்களுடைய மதிப்புகள் சிகாகோவின் மதிப்புகள் அல்ல என்று ஒத்து ஊதினார். சான் பிரான்சிஸ்கோ மேயர் எட் லீ, உங்கள் அருகிலுள்ள கடை 40 மைல் தள்ளி இருக்கிறது, அதைவிடக் கிட்டே வராமலிருப்பது நல்லது என்று ட்வீட் போட்டார்.

குடிமகன் புறக்கணிக்கலாம். மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் வெள்ளைக்காரர் கடைகளைப் புறக்கணித்த வழக்கில் 1982-இல் உச்சநீதிமன்றமே அது பேச்சுரிமை என்று சொல்லியிருக்கிறது. ஆனால் உரிமம் கொடுக்கும் அதிகாரம் கையில் உள்ளவன், உன் கருத்து பிடிக்கவில்லை, ஆகவே உரிமம் இல்லை என்று சொன்னால் அது அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தில் போய் முட்டும். ஒருபால் திருமணத்தை ஆதரித்த, குடிமக்கள் உரிமைகளுக்காக வாதாடும் ஏசிஎல்யூ அமைப்பே மொரேனோ செய்வது தவறு என்றது. நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க், அவரும் அந்தத் திருமணத்தை ஆதரித்தவர்தான், இது அரசாங்கத்தின் வேலை இல்லை என்றார். மெனினோவும் தடுக்கும் அதிகாரம் எனக்கில்லை என்று பின்னால் இறங்கிவந்தார்.

என் பார்வையில் அந்த மேயர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆகஸ்ட் 1 வரிசை பாதிகூட வந்திருக்காது. குழாய் வேலைக்காரரை வரிசைக்கு அனுப்பியது ஹக்கபி இல்லை, மெனினோ.

---

பாளையங்கோட்டைக்காரன் | புதன், காலை 8:02

நான் வேண்டுமென்றே போய் நின்றவன். டெக்சாஸ், ப்ளேனோ. மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லாரும். மறைக்க ஒன்றுமில்லை.

வெறுப்பினால் நிற்கவில்லை. இதை யாரும் நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். 2008-இல் ஒபாமா, கல்யாணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே என்றுதான் ஒரு சர்ச் மேடையில் சொல்லி ஓட்டுக் கேட்டார். 2012 மே 9-ஆம் தேதிதான் மாற்றிச் சொன்னார். இரண்டு மாதம் முன்புவரை ஜனாதிபதியே சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கோழிக்கடைக்காரர் சொன்னால் ஊரைவிட்டு விரட்டுவேன் என்பதா? எங்கள் சபையில் அன்றைக்கு அதுதான் பேச்சு. நான் பிறந்து வளர்ந்தது சிஎஸ்ஐ குடும்பம். வேதாகமத்தில் உள்ளதை நம்புகிறவன் ஒதுக்கப்பட வேண்டியவன் என்று ஒரு அரசு அதிகாரி சொன்னபோது எனக்குச் சுட்டது.

கடையில் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஜூலை 19 அன்றே கம்பெனி, எல்லாரையும் ஒரே மரியாதையோடு நடத்துவோம், திருமணச் சட்ட விவாதத்தை அரசியலுக்கு விட்டுவிடுகிறோம் என்று அறிக்கை விட்டது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

---

சிங்கம்77 | புதன், காலை 8:30

இதெல்லாம் ஒரு விஷயமா. பிடித்தால் சாப்பிடு, பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போ. இட்லி வாங்கும்போது மாவு அரைத்தவன் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்றா கேட்கிறோம்?

---

கணக்குப்பிள்ளை | புதன், காலை 9:10

> யாருக்கு ஓட்டுப் போட்டான் என்றா கேட்கிறோம்?

சிங்கம், ஓட்டு வேறு, பணம் வேறு. எதிர்த்தவர்களுடைய கோபம் வெறும் பேச்சைப் பற்றியது இல்லை. கேத்தி குடும்பம் 1984-இல் தொடங்கிய வின்ஷேப் அறக்கட்டளைக்குக் கம்பெனிதான் பெருமளவு பணம் கொடுத்தது. அந்த அறக்கட்டளை 2010-இல் ஒருபால் திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கொடுத்தது என்று ஈக்வாலிட்டி மேட்டர்ஸ் என்ற குழு வரிக்கணக்கைப் பார்த்து வெளியிட்டது.

இப்போது கணக்குப் போடுவோம். அந்த வருடம் கடைகளின் மொத்த விற்பனை சுமார் 350 கோடி டாலர். வகுத்தால் நீங்கள் சாப்பிடும் 100 டாலருக்கு 6 சென்ட்கூட வராது. அந்த 20 லட்சத்திலும் பெரும்பங்கு குடும்ப வாழ்க்கை பற்றிய ஒரு அமைப்புக்கும், கிறிஸ்தவ விளையாட்டு வீரர் அமைப்புக்கும் போனது. பெயரைக் கேட்டாலே எதிர்ப்பவர்கள் சண்டைக்கு வரும் ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில், ஒருபால் திருமணத்தை எதிர்க்கும் கிறிஸ்தவ அரசியல் அமைப்பு, அதற்குப் போனது ஆயிரம் டாலர்.

அப்புறம் கடை நடத்துபவர்களையும் பார்க்க வேண்டும். மற்ற சங்கிலிக் கடைகள் மாதிரி இல்லை இது. 10,000 டாலர் கட்டணம் கட்டினால் போதும், இடம், கட்டடம், அடுப்பு எல்லாம் கம்பெனி போடும். பதிலுக்கு விற்பனையில் 15 சதவீதம், லாபத்தில் பாதி கம்பெனிக்கு. பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கடைதான். ஆகவே புறக்கணித்தாலும் மொய் எழுதினாலும் உங்கள் ஊர்க்காரர் ஒருவரைத்தான் முதலில் தொடுகிறது.

---

ஓரத்து இருக்கை | புதன், மதியம் 1:47

இந்த இழையைக் காலையிலிருந்து மூன்று முறை திறந்து மூடினேன். சரி, எழுதிவிடுகிறேன்.

2012-இல் நான் வட கரோலினாவில் எம்எஸ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மே 8 அன்றுதான் அந்த மாநிலம், ஆண் பெண் திருமணம் மட்டுமே செல்லும் என்று வாக்கெடுப்பு வைத்து மாநில சாசனத்திலேயே எழுதியது. நாங்கள் நான்கு தமிழ்ப் பையன்கள் ஒரே வீட்டில். நான் தன்பால் ஈர்ப்பாளன் என்பது மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. எனக்கே அப்போதுதான் ஒத்துக்கொள்ளத் தைரியம் வந்திருந்தது.

ஆகஸ்ட் 1 சாயங்காலம் மூன்று பேரும் கிளம்பினார்கள். அவர்களுக்கு அரசியல் எதுவும் கிடையாது, ஊரே அங்கே இருக்கிறது, வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம் என்றுதான். ஒன்பது மணிக்கு ஆறு சாண்ட்விச் வாங்கி வந்தார்கள், வரிசையின் படங்களைக் காட்டினார்கள். "எவ்வளவு கூட்டம் பாருடா!" எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பீச்ட்ரீ வாசி அண்ணனுடைய மூன்று பேர் கணக்கு எனக்குப் புரிகிறது. நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும், சிலருக்கு நல்ல காரணமாகவும் இருந்திருக்கும். ஆனால் படத்தில் காரணம் தெரியவில்லை அண்ணா. வரிசையின் நீளம் மட்டும்தான் தெரிந்தது. 23 வயதில் நான் அதைப் பார்த்து, இத்தனை பேர், என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை சார், அந்த ஆயிரம் டாலர்களில் இன்னொன்று எக்ஸோடஸ் இன்டர்நேஷனலுக்குப் போனது. ஜெபத்தாலும் ஆலோசனையாலும் எங்களை மாற்றிவிடலாம் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்த அமைப்பு அது. 2013 ஜூனில் அதன் தலைவரே மன்னிப்புக் கேட்டுவிட்டு அமைப்பை மூடினார். ஆயிரம் டாலர் சின்னத் தொகைதான். எங்களில் சிலருக்கு அங்கே போன வருடங்கள் சின்னவை இல்லை.

---

பாளையங்கோட்டைக்காரன் | புதன், மதியம் 2:20

தம்பி, இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத வரவில்லை. என் நம்பிக்கையை மாற்றிச் சொல்லப் போவதில்லை, பொய்யாகிவிடும். ஆனால் அன்று நானும் பிள்ளைகளை நிறுத்தி வரிசையோடு படம் எடுத்துப் போட்டேன். அதை யாரெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று இன்றுவரை யோசித்ததில்லை.

---

சிங்கம்77 | புதன், மதியம் 2:31

[நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | புதன், மதியம் 2:44

கடையைப் பற்றி, சட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். எழுதியவரின் வாழ்க்கையைக் கேலி செய்தால் இழையிலிருந்து வெளியே. இது இரண்டாவது முறை, சிங்கம்.

---

கொலம்பஸ் அம்மா | புதன், மாலை 6:05

எல்லாரும் கவுன்டருக்கு இந்தப் பக்கத்துக் கதையையே சொல்கிறீர்கள். என் மகளுக்கு அப்போது 17, கோடை விடுமுறை வேலை அந்தக் கடையில். அன்று காலை 10 மணிக்குப் போனவள் இரவு பதினொன்றரைக்கு வந்தாள். ஷூவைக் கழற்றினால் கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. கடை நடத்துபவரே அன்று எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாராம். எட்டு மணிக்குக் கோழி தீர்ந்துவிட்டது, அதற்குப் பிறகும் ஆட்கள் வந்து உருளைக்கிழங்காவது கொடுங்கள் என்று வாங்கிப் போனார்களாம்.

அவளோடு கல்லாவில் நின்ற பையன் ஒருவன் தன்பால் ஈர்ப்பாளன், கடையில் எல்லாருக்கும் தெரியும். வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி "உங்களோடு நாங்கள் இருக்கிறோம், தைரியமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அவனும் அந்தக் கடை வழக்கப்படி "மை பிளஷர்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னானாம். மகள் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை மறு தரப்பு வந்தது. ஒருபால் ஜோடிகள் நாடு முழுக்கக் கடை வாசலில் முத்தமிடும் போராட்டம். எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். வெயில் என்று மகள் அவர்களுக்கும் லெமனேடு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எனக்குப் பயம் வந்தது வேறு விஷயத்தில். அரிசோனாவில் டூசான் நகரத்துக் கடையில் வேறொரு கம்பெனியின் அதிகாரி ஒருவர் டிரைவ்-த்ரூவில் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு, ஜன்னலில் நின்ற பெண்ணிடம் "எப்படி இங்கே வேலை பார்க்கிறாய்" என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, அதைத் தானே படம் எடுத்து யூடியூபில் போட்டார். அந்தப் பெண் கடைசிவரை பொறுமையாகப் பேசினாள். அவருக்கு வேலை போனது, அது வேறு கதை. மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கிற பிள்ளையிடம் போய் முதலாளியின் வேதாந்தத்துக்குக் கணக்குக் கேட்கலாமா?

---

வக்கீல் குமாஸ்தா | புதன், மாலை 6:50

அந்த மாதத்தில் அதைவிட மோசமானதும் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று வாஷிங்டனில் ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் அலுவலகத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பையில் 15 சிக்-ஃபில்-ஏ சாண்ட்விச். காவலாளி கையில் குண்டு பட்ட பிறகும் அவனை மடக்கிவிட்டார். 25 வருடம் சிறை.

கொலம்பஸ் அம்மா சொன்ன கல்லாப் பையனைப் பற்றி ஒரு வரி. அன்றைக்கு ஓஹையோவிலோ ஜார்ஜியாவிலோ ஒருவரைத் தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காகவே வேலையைவிட்டு அனுப்பினால் தடுக்க மாநிலச் சட்டம் இல்லை. அப்படி அனுப்புவது செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2020-இல்தான், அதுவும் அட்லாண்டாவுக்குத் தெற்கே கிளேட்டன் கவுண்டியிலிருந்து போன வழக்கில்.

---

உப்புக்கல் | புதன், இரவு 8:15

மொய் எழுதினதில் கடைக்கு லாபமா நஷ்டமா? கணக்குப்பிள்ளை பதில் சொல்ல வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 8:52

ஆகஸ்ட் 1 வரலாறு காணாத நாள் என்றார்கள், தொகையை மட்டும் வெளியிடவில்லை. 2012 முழு வருட விற்பனை 14 சதவீதம் ஏறி 460 கோடி டாலர். ஆனால் புதுக் கடைகளும் திறந்துகொண்டிருந்தார்கள், முந்தைய வருடங்களிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2018-இல் 1,000 கோடியைத் தாண்டியது. ஆகவே புறக்கணிப்பால் விழவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம், மொய்யால் எழுந்தது என்று சொல்ல முடியாது.

ஒப்பிட ஒரு விஷயம். 2020 ஜூலையில் கோயா என்ற பீன்ஸ், மசாலா கம்பெனியின் தலைவர் டிரம்பைப் புகழ்ந்தார். அதே மாதிரி ஒரு பக்கம் புறக்கணிப்பு, மறுபக்கம் வண்டி நிறைய டப்பா வாங்கிப் படம். பின்னால் ஆராய்ச்சியாளர்கள் விற்பனைத் தரவைப் பார்த்தார்கள். 22 சதவீதம் ஏறியது, மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பீன்ஸ் டப்பாவை வாங்கி அடுக்கலாம். தினமும் எவ்வளவு பீன்ஸ்தான் சாப்பிடுவது?

---

பீச்ட்ரீ வாசி | புதன், இரவு 9:30

பின்கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதுக்குடித்தனம் அக்காவுக்கு 2012-லேயே படம் உறைந்துவிடும்.

எதிர்ப்புப் பிரசாரத்தை நடத்திய கல்லூரி மாணவர் அமைப்பு ஒன்றின் தலைவர் ஷேன் விண்ட்மேயர். அவருக்கு டான் கேத்தியே ஃபோன் போட்டார். பலமுறை பேசினார்கள், சந்தித்தார்கள். அந்த டிசம்பர் 31 அன்று கம்பெனி பெயரில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தைக் கேத்தியின் விருந்தாளியாக வந்து பார்த்தார் அவர். ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்கவில்லை, ஆனால் பிரசாரத்தை நிறுத்திவைத்தார். 2014-இல் கேத்தி, கம்பெனியை அந்த விவாதத்துக்குள் இழுத்தது தவறு என்று அட்லாண்டா பத்திரிகையிடம் சொன்னார். தன் கருத்து மாறிவிட்டது என்று அல்ல, கடையை இழுத்தது தவறு என்று.

2016 ஜூனில் ஆர்லாண்டோவில் பல்ஸ் என்ற தன்பால் ஈர்ப்பாளர் இரவு நடன விடுதியில் 49 பேரைச் சுட்டுக் கொன்றபோது அது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர்ச் சிக்-ஃபில்-ஏ ஊழியர்கள் சிலர் அடுப்பை மூட்டி, ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வரிசையையும் நான் டிவியில் பார்த்தேன்.

பிறகு 2019. சான் அன்டோனியோ விமான நிலையத்தில் கடை கூடாது என்று நகர மன்றம் முடிவெடுக்க, டெக்சாஸ் அரசு பதிலுக்கு ஒரு சட்டமே போட்டது. அதே வருடம் நவம்பரில் கம்பெனி அறக்கட்டளை, இனி கல்வி, வீடற்றோர், பசி இந்த மூன்றுக்கு மட்டும் பணம், கிறிஸ்தவத் தொண்டு அமைப்பான சால்வேஷன் ஆர்மிக்கும் அந்த விளையாட்டு வீரர் அமைப்புக்கும் கிடையாது என்று அறிவித்தது.

---

பாளையங்கோட்டைக்காரன் | புதன், இரவு 9:51

அதுதான் எனக்கு ஆறாத புண். மொய் விருந்து என்றீர்களே, சரியாகச் சொன்னீர்கள். மொய் வாங்கினவன் நம் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். நாங்கள் வெயிலில் நின்று எழுதின மொய்க்கு அவர்கள் சால்வேஷன் ஆர்மியைக் கைகழுவினார்கள். ஏழைக்குச் சோறு போடுகிற அமைப்பு அது! ஹக்கபியே விசுவாசமான வாடிக்கையாளர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினார். அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போவது குறைந்துவிட்டது.

---

ஓரத்து இருக்கை | புதன், இரவு 10:20

ஐயா, நான் போகாததும் நீங்கள் போகாததும் ஒரே கடைக்குத்தான். 2019 அறிவிப்பு வந்தபோது எங்கள் பக்கமும் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. அறக்கட்டளையின் பட்டியல்தான் மாறியது. லாபம் அந்தக் குடும்பத்துக்குப் போகிறது, அவர்கள் சொந்தப் பையிலிருந்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கம்பெனி அறிவிக்க வேண்டியதில்லை.

புதுக்குடித்தனம் அக்கா, உங்கள் தோழியிடம் காரணம் கேட்க வேண்டாம். அவருக்கு விளக்கி விளக்கி அலுத்திருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் அன்று சாயங்காலம் எங்கே விளையாடுவார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

---

புதுக்குடித்தனம் | அடுத்த வெள்ளி, இரவு 8:35

எல்லாருக்கும் நன்றி. கேள்வி கேட்கும்போது இரண்டு வரியில் பதில் வரும் என்று நினைத்தேன், இவ்வளவு இருக்கும் என்று தெரியாது.

ஓரத்து இருக்கை தம்பி சொன்னபடி கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு "எங்கள் வீட்டில் பீட்சா, உங்கள் பையனையும் அனுப்புங்கள்" என்றார். குழுவில் வருகிறோம் என்று போட்டிருந்ததை அழிக்கவில்லை, அழித்தால் அது ஒரு பேச்சாகிவிடும். வீட்டுக்காரர் மட்டும் போய் வகுப்பு டீச்சரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் பையனைப் பீட்சாவுக்குக் கொண்டுபோய் விட்டேன், பள்ளிக்கு 20 டாலர் செக் தனியாக எழுதினேன். பையன் வரும்போது கேட்டான், "அப்பாவுக்கு மட்டும் ஏன் சிக்கன்?"

---

உப்புக்கல் | அடுத்த வெள்ளி, இரவு 8:49

என்ன பதில் சொன்னீர்கள்?

---

புதுக்குடித்தனம் | அடுத்த வெள்ளி, இரவு 8:53

அப்பாவுக்குப் பீட்சா பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். இப்போது அவர் இரண்டு நாளாகப் பீட்சா சாப்பிட முடியாமல் இருக்கிறார்.